கூடுதல் தாள்

ரத்து என்ற சொல் வந்தபோது
குக்கரில் மூன்றாவது விசில்.
பள்ளிக் குழுவில் யாரோ போட்ட அறிவிப்பு,
கீழே எழுபத்திரண்டு கைதட்டல்,
ஒரு கேக், இரண்டு வாணவேடிக்கை.
தாமிரா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்,
கல்லில் தோசை திருப்புகிற கவனத்தோடு.

நான் சொன்னவை எல்லாமே தப்பு.
"நல்லதுதானே, கொஞ்சம் தூங்கு."
"எல்லாருக்கும்தானே, உனக்கு மட்டுமா?"
ராஜபாளையத்திலிருந்து சித்தி கூப்பிட்டு
"எழுதாமலே பாஸ், கொடுத்து வச்சவ" என்றாள்.
ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
அதுவும் தப்பு.

போன வருஷத்து மார்க்கை வைத்துக்
கணக்குப் போடுவார்களாம்.
போன வருஷம் அவள் அப்பா
செங்காங் மருத்துவமனையில், ஆறாம் மாடியில்.
போன வருஷம் இயற்பியலில் முப்பத்தெட்டு.
அதற்குப் பிறகுதான் நாலரை மணி அலாரம்,
குளியலறைக் கதவில் ஒட்டிய சூத்திரங்கள்,
ஈரத்தில் மை கரைந்து மறுபடி எழுதியவை.
"அந்தத் தாமிராவுக்குத்தாம்மா மார்க் போடுவாங்க.
இவளை யாரும் பாக்கவே போறதில்ல."
நாலு நாளில் அவள் பேசியது அவ்வளவுதான்.

தேர்வுக் கூடத்தில் நடப்பது என் வேலை.
ரப்பர் செருப்பு. சத்தம் வரக்கூடாது.
அழுகிற பிள்ளையைத் தொடக்கூடாது.
தூங்குகிற பிள்ளையின் மேசையில்
ஒரு விரலால் தட்டலாம், ஒரே தரம்.
ஆறுதல் சொல்லாமல் இருப்பதற்கு
எட்டு வருஷம் சம்பளம் வாங்கியவள்.
வேறென்ன வரும் எனக்கு?

இயற்பியல் நடந்திருக்க வேண்டிய வெள்ளிக்கிழமை,
இந்தியாவில் பத்தரை, இங்கே ஒரு மணி.
பொங்கோலில் மழை.
ஓட்டுநர் இல்லாத ரயில் ஒன்று
பயணியும் இல்லாமல் ஜன்னலைக் கடந்தது.
சாப்பாட்டு மேசையைத் துடைத்தேன்.
ஊறுகாய் பாட்டிலை எடுத்தேன்.
சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி எதிரே சாய்த்தேன்.
அவள் தொடாத மாதிரி வினாத்தாள், கவிழ்த்து.
தண்ணீர் பாட்டில், லேபிளைக் கிழித்து.
கூப்பிடவில்லை.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு வந்தாள்.
மேலே பள்ளிச் சட்டை, கீழே பூப்போட்ட பைஜாமா.
இருவரும் சிரிக்கவில்லை.
"தொடங்கலாம்" என்றேன்,
நல்லவேளை, வேலைக் குரலில்.

அடுப்படியிலிருந்து வாசல்வரை பதினாலு அடி.
திரும்பினால் மறுபடி பதினாலு.
மேல்வீட்டு மிஸஸ் கோ, மழைக்குப் பயந்து
துணிக் கழியை உள்ளே இழுக்கும் உரசல்.
ஒன்று நாற்பதுக்கு அழுதாள்,
எழுதிக்கொண்டே, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.
தொடக்கூடாது என்று நின்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து
நாற்காலியின் முதுகில் கை வைத்தேன்,
அவள் முதுகில் அல்ல.
மரம் வழியாக வந்தது
அவள் மூச்சு ஏறுவதும் இறங்குவதும்.

மூன்று மணிக்குக் கை தூக்கினாள்.
கூடுதல் தாளோடு ஓடினேன்.
"தாள் இல்லம்மா. பசிக்குது."

வலது கை எழுதிக்கொண்டிருந்ததால்
நான் ஊட்டினேன்.
எந்தக் கூடத்திலும் இதை முறைகேடு என்பார்கள்.
ஏழாம் கேள்வியின் ஓரத்தில்
சட்னி ஒரு சொட்டு.

நாலு மணி. "பேனாவைக் கீழே வை."
நூல் கோத்துக் கட்டினேன்.
படிக்கவில்லை, விடைகளை நாங்கள் படிப்பதில்லை.
பாஸ்போர்ட் டிராயரில் வைத்தேன்,
அவர் இறப்புச் சான்றிதழுக்கு மேல்.
மொத்த மதிப்பெண் கட்டம் காலி.

பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நின்றாள்.
"அஞ்சாவது கேள்வி ரொம்ப ஈஸி."
குழாயை மூடினேன்.
"திங்கள் கணக்கு. ஒரு மணிக்குத்தானே?"
"ஒரு மணிக்கு."
"அன்னைக்கு அந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கோ,
இது சத்தம் வருதும்மா."